டெலவேரில் பதிவு, டெக்சாஸில் வியாபாரம்: வராத பாக்கிக்கு வழக்குப் போட முடியுமா?

கேள்வி (2025): நானும் என் மனைவியும் டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். 2024 அக்டோபரிலிருந்து ஒரு வாடகைக் கிச்சனில் இட்லி, தோசை மாவு அரைத்து டாலஸைச் சுற்றியுள்ள இந்திய மளிகைக் கடைகளுக்குப் போட்டு வருகிறோம். எல்.எல்.சி. (கம்பெனிக் கடன் உரிமையாளர் தலையில் விழாத சிறு கம்பெனி வகை) தொடங்கும்போது டெலவேர்தான் நல்லது என்று எல்லாரும் சொன்னதால் ஆன்லைனில் அங்கேயே பதிவு செய்துவிட்டோம். டெக்சாஸில் தனியாக எதுவும் செய்யவில்லை. இப்போது ஒரு கடைக்காரர் எங்களுக்கு 17,400 டாலர் பாக்கி வைத்திருக்கிறார். கேட்டால், "உங்கள் கம்பெனி டெக்சாஸில் பதிவே ஆகவில்லை, உங்களால் வழக்குப் போட முடியாது" என்று அவருடைய வக்கீல் கடிதம் அனுப்புகிறார். சொந்தமாக ஓர் இடம் லீஸுக்கு எடுக்கப் போனால் அந்த லேண்ட்லார்டும் டெக்சாஸ் பதிவுச் சான்று கேட்கிறார். டெலவேர் கம்பெனியை மூடிவிட்டு இங்கே புதிதாகத் தொடங்கினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். பதிவுப் படிவத்தில் இன்றுதான் வியாபாரம் ஆரம்பித்ததாகப் போட்டுவிடு என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சினன் அங்கேயும் மாவு விற்கலாம் என்கிறான். எங்கள் கணக்கு வழக்கைக் கலிஃபோர்னியாவில் இருக்கும் கொழுந்தியாள் மாதம் 400 டாலர் சம்பளத்துக்குப் பார்க்கிறாள். என்ன செய்வது?

பதில்:

முதலில் பாக்கி விஷயம். வழக்குப் போட முடியும், ஆனால் பதிவு செய்த பிறகுதான். அந்தப் பதிவை இந்த 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். அந்த வக்கீல் எழுதியதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் சொல்லவில்லை.

இந்தச் சிக்கலில் மாட்டும் நம்மவர்கள் நிறையப் பேர், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இந்தியாவில் கம்பெனிச் சட்டம் என்பது மத்திய அரசின் சட்டம். சென்னையில் பதிவான பிரைவேட் லிமிடெட் பெங்களூரில் கிளை திறந்தால் ஜி.எஸ்.டி.க்கு அந்த மாநிலத்தில் தனியாகப் பதிய வேண்டும், கடைகள் சட்டத்தில் பதிய வேண்டும், ஆனால் கம்பெனியையே மறுபடி அங்கே பதிய வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறோம். அமெரிக்காவில் கம்பெனியை உண்டாக்குவது மாநிலம். ஒரு மாநிலம் உண்டாக்கிய கம்பெனி அடுத்த மாநிலத்துக்கு வெளியாள்தான், உள்ளே வந்து தொழில் செய்ய அந்த மாநிலம் நிபந்தனை போடலாம். 1869-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நியூயார்க் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வர்ஜீனியாவில் பாலிசி விற்ற சாமுவேல் பால் என்ற ஏஜென்டின் வழக்கு அது. அதன் பிறகு சட்டம் பல விதங்களில் மாறினாலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஐம்பது மாநிலங்களிலும் வெளிமாநிலக் கம்பெனிக்கென்று ஒரு பதிவு முறை உண்டு.

சரி, நீங்கள் செய்வது டெக்சாஸில் 'தொழில் நடத்துவது' என்ற கணக்கில் வருமா? எதெல்லாம் அந்தக் கணக்கில் வராது என்று டெக்சாஸ் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது: இங்கே பேங்க் கணக்கு வைத்திருப்பது, மீட்டிங் நடத்துவது, வழக்கை எதிர்கொள்வது, இங்கே ஆர்டர் பிடித்து அதை வெளிமாநிலத்தில் ஏற்றுக்கொள்வது, முப்பது நாளுக்குள் முடிந்துவிடுகிற, திரும்பத் திரும்ப நடக்காத ஒற்றை வியாபாரம், இப்படி. உங்கள் கிச்சன் இங்கே, கிரைண்டர் இங்கே, வேன் இங்கே, வாங்குகிற கடைகள் இங்கே, நீங்கள் இருவரும் இங்கே. டெலவேரில் உங்களுக்கு இருப்பது ஒரு ஏஜென்டின் முகவரி மட்டும். இதில் வாதாட எதுவும் இல்லை, முதல் நாளே பதிந்திருக்க வேண்டும்.

பதியாததால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை நிதானமாகப் படியுங்கள், அந்தக் கடிதத்தைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது. டெக்சாஸில் செய்த தொழில் சம்பந்தமாக டெக்சாஸ் கோர்ட்டில் நீங்கள் வழக்கு நடத்த முடியாது. இது உண்மை. ஆனால் அந்தத் தடை பதியும் வரைக்கும்தான். பதியாததால் உங்கள் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று அதே சட்டப்பிரிவு சொல்கிறது. உங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டால் எதிர்வாதம் செய்யும் உரிமையும் போகாது. பதியாமல் இருந்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனிக் கடன் உங்கள் தலையில் தனிப்பட்ட முறையில் விழவும் விழாது. பதிவில்லாமல் யாராவது வழக்குப் போட்டுவிட்டால்கூட கோர்ட் பொதுவாக வழக்கை நிறுத்திவைத்து, போய்ப் பதிந்துவிட்டு வா என்றுதான் சொல்லும். எனவே அந்த 17,400 டாலர் எங்கேயும் போய்விடவில்லை. சரக்கு விற்ற பாக்கிக்கு டெக்சாஸில் நான்கு வருடக் காலவரம்பு இருக்கிறது, உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இதில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. 20,000 டாலர் வரையிலான வழக்குகளை சின்ன வழக்குகளுக்கான உள்ளூர்க் கோர்ட்டான ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே போடலாம், உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. அங்கே கம்பெனிக்காக வக்கீல்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உரிமையாளரே நிற்கலாம். இன்வாய்ஸ், டெலிவரி சீட்டில் கடைக்காரர் போட்ட கையெழுத்து, பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். பதிவு முடிந்த மறுநாள், பதிவுச் சான்றின் நகலோடு முப்பது நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பதிவில்லை என்பது ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம் என்றால், பல பேர் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள்.

இப்போது செலவு. டெக்சாஸில் வெளிமாநில எல்.எல்.சி.யைப் பதிய, கம்பெனிப் பதிவுகளைப் பார்க்கும் மாநில அலுவலகமான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் 304 என்ற எண்ணுள்ள படிவம், கட்டணம் 750 டாலர். நாட்டிலேயே அதிகமான கட்டணங்களில் இதுவும் ஒன்று, நியூ ஜெர்சியில் இதே வேலைக்கு 125-தான். இதற்கு மேல் தாமதக் கட்டணம் உண்டு. பதியாமல் 90 நாளுக்கு மேல் தொழில் நடத்தியிருந்தால், பதியாமல் இருந்த ஒவ்வொரு காலண்டர் வருடத்துக்கும் இன்னொரு 750. வருடத்தில் ஒரு பகுதி இருந்தாலும் முழு வருடமாகத்தான் எண்ணுவார்கள். உங்களுக்கு 2024-இல் கடைசி மூன்று மாதம்தான் என்றாலும் அது ஒரு வருடம், 2025 இன்னொரு வருடம், ஆக 1,500, பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 2,250. ஜனவரியில் தாக்கல் செய்தால் 2026-உம் கணக்கில் சேர்ந்துவிடும், 3,000 ஆகிவிடும். நான் டிசம்பர் 31 என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள், ஏதாவது பிழை என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினால் சரிசெய்ய நாள் வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம்.

அந்தப் படிவத்தில் டெக்சாஸில் எந்தத் தேதியில் தொழில் ஆரம்பித்தீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. இன்றைய தேதியைப் போடு என்று சொன்ன நண்பரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். தெரிந்தே பொய்யான ஆவணத்தில் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்வது டெக்சாஸில் கிரிமினல் குற்றம், ஏமாற்றும் நோக்கம் இருந்தால் இன்னும் கடுமையானது. போதாக்குறைக்கு, நீங்கள் கோர்ட்டில் காட்டப்போகிற முதல் ஆதாரமே 2024-லும் 2025-லும் போட்ட இன்வாய்ஸ்கள். பதிவில் ஒரு தேதி, இன்வாய்ஸில் வேறு தேதி என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார். 1,500 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் 17,400-ஐ இழப்பதோடு உங்கள் பெயரையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

படிவத்தில் மற்றவை எளிது. கம்பெனிப் பெயர், டெலவேரில் உருவான தேதி, வரி எண், நிர்வாகிகளின் பெயர், முகவரி, அப்புறம் டெக்சாஸில் ஒரு ரிஜிஸ்டர்டு ஏஜென்ட், அதாவது கம்பெனிக்கு வரும் கோர்ட், அரசு ஆவணங்களை வாங்கிக்கொள்ளும் ஆள். ஏஜென்டாகக் கம்பெனியே இருக்க முடியாது, ஆனால் நீங்களோ உங்கள் மனைவியோ இருக்கலாம். தெரு முகவரி வேண்டும், தபால் பெட்டி எண் போதாது, வேலை நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். வீட்டு முகவரி பொதுப் பதிவில் எல்லார் கண்ணிலும் படும் என்பதால் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் தனிமை வேண்டுபவர்களுக்கும் ஒரு ஏஜென்ட் சேவையை வைத்துக்கொள்ளச் சொல்வேன், உங்கள் விருப்பம். உங்கள் கம்பெனிப் பெயர் ஏற்கெனவே டெக்சாஸில் வேறு யாரிடமாவது இருந்தால் இங்கே மட்டும் வேறொரு பெயரில் இயங்குவதாகச் சொல்லிப் பதியலாம். அதற்கு 503 என்ற சிறிய படிவம், 25 டாலர். இதை முதலிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள், மாவுப் பாக்கெட்டில் அச்சிட்ட பெயர் சம்பந்தப்பட்டது அல்லவா.

செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு உங்கள் விஷயத்தில் உண்மையாகவே கவலை தருவது கம்ப்ட்ரோலர் அலுவலகம், அதாவது மாநில வரி அலுவலகம். டெக்சாஸில் தனிநபர் வருமான வரி இல்லை, ஆனால் எல்.எல்.சி.க்கும் ஃபிரான்சைஸ் வரி, அதாவது மாநிலத்தில் தொழில் நடத்துவதற்கான வரி உண்டு. 2025-க்கு வருட வருமானம் 24.7 லட்சம் டாலருக்குள் இருந்தால் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை, உங்களுக்கும் இல்லை. இருந்தும் உரிமையாளர், நிர்வாகி விவரம் அடங்கிய அறிக்கையை ஒவ்வொரு வருடமும் மே 15-க்குள் கொடுத்தாக வேண்டும். நீங்கள் 2024-இல் ஆரம்பித்ததால் 2025 மே மாதமே முதல் அறிக்கை போயிருக்க வேண்டும். இதைக் கொடுக்காமல் விட்டு, கம்ப்ட்ரோலர் கம்பெனியின் உரிமைகளைப் பறிமுதல் செய்துவிட்டால் அப்போதுதான் நிர்வாகிகளின் சொந்தப் பணத்துக்கு ஆபத்து வருகிறது. உரிமை பறிபோன கம்பெனியால் கோர்ட்டுக்கும் போக முடியாது. வரி பூஜ்யம் என்பதால் ஃபைல் செய்வதும் வேண்டாம் என்று நினைத்து இதில் விழுந்தவர்களை நிறையப் பார்க்கிறேன், மனது கேட்கவில்லை. பதிவு முடிந்த வாரமே கம்ப்ட்ரோலரிடம் கணக்குத் திறந்து விட்டுப்போன அறிக்கையைக் கொடுத்துவிடுங்கள். மாவு உற்பத்திக்கு மாநில சுகாதாரத் துறையின் உணவு உற்பத்தி லைசென்ஸ் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள், லீஸ், லைசென்ஸ், இன்சூரன்ஸ், பதிவு எல்லாவற்றிலும் ஒரே பெயர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

டெலவேரை மூடிவிட்டு இங்கே புதுக் கம்பெனி தொடங்குவது: கட்டணம் 300-தான், 2,250-ஐப் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் அந்த 17,400 பாக்கி பழைய கம்பெனிக்கு வர வேண்டியது. அதைப் புதுக் கம்பெனியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் தடை நீங்கிவிடும் என்று நினைத்தால், சட்டம் அந்த மாதிரி மாற்றிவாங்கியவர்களில் மிகச் சில வகையினருக்குத்தான் விலக்கு தருகிறது, சாதாரணக் கடைப் பாக்கி அதில் இல்லை. அதை நம்பி நான் இறங்க மாட்டேன். தவிர, பழைய கம்பெனி பதியாமல் நடத்திய காலத்துக்கு உரிய கட்டணத்தையும் வரியையும் அபராதமாகக் கேட்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு, கம்பெனியை மூடினால் அது மறைந்துவிடாது.

இன்னொரு வழி இருக்கிறது, உங்கள் நண்பர்கள் யாரும் சொல்லாதது. டெலவேர் எல்.எல்.சி.யை மூடாமல், அதையே டெக்சாஸ் எல்.எல்.சி.யாக மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி அதேதான், ஒப்பந்தங்கள் தொடரும், மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கொடுத்த எண்ணும் பொதுவாக அப்படியே இருக்கும், இருந்தாலும் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வராத பாக்கி என்று ஒன்று இல்லாதிருந்தால் நேரடியாக இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் கணவன் மனைவி நடத்தும் மாவு வியாபாரத்துக்கு டெலவேர் எந்த விதத்திலும் உதவவில்லை. வென்ச்சர் முதலீடு வாங்கப் போகிற, பங்குகளைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிற கம்பெனிக்கு டெலவேரின் சட்டமும் கம்பெனித் தகராறுகளை விசாரிக்கும் அங்குள்ள சான்சரி கோர்ட்டும் பலம் தரும், முதலீட்டாளர்களும் அதையே கேட்பார்கள். உங்களுக்கோ ஒவ்வொரு ஜூன் 1-க்குள் அங்கே 300 டாலர் வரி, அதோடு அங்கே ஒரு ஏஜென்டுக்குச் சம்பளம், இனி இங்கேயும் எல்லாம். "டெலவேரில் வரி இல்லை" என்று விற்கிறவர்கள், வேலை நடக்கும் மாநிலத்தில் எல்லாக் கடமையும் அப்படியே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விற்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். ஆனால் இப்போது பாக்கி இழுபறியில் இருக்கும்போது கம்பெனியின் வடிவத்தையே மாற்றினால், 'அப்போது பதிவில்லை, இப்போது ஆளே வேறு' என்று வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கிடைக்கும். அந்த வாதம் கடைசியில் தோற்றாலும் அதுவரை அலைச்சலும் செலவும் உங்களுடையது. எனவே இப்போது பதியுங்கள், லீஸில் கையெழுத்துப் போடுங்கள், பாக்கியை வசூல் செய்யுங்கள். அதன் பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

மச்சினன் விஷயத்தில் ஒரே கேள்விதான்: சரக்கு எங்கே இருக்கும், வேலை எங்கே நடக்கும்? நியூ ஜெர்சிக் கடைகள் உங்களுக்கு ஆர்டர் அனுப்ப, நீங்கள் டெக்சாஸில் அதை ஏற்று, குளிர்சாதன லாரி கம்பெனி மூலம் அனுப்புகிறீர்கள் என்றால் அது மாநிலங்களுக்கிடையேயான வணிகம், அதற்காக மட்டும் கம்பெனியை அங்கே பதிய வேண்டியதில்லை. எடிசனில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் எடுத்து மாவை அங்கே அடுக்கி, மச்சினன் வேனில் கடை கடையாகப் போடுகிறான் என்றால் பதிந்தாக வேண்டும்: 125 டாலர், பிறகு வருடா வருடம் அறிக்கைக்கு 75, வரிப் பதிவு தனி. விற்பனை வரி வேறு கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். 2018-இல் வேஃபேர் என்ற ஆன்லைன் கடையின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, ஒரு மாநிலத்தில் காலே வைக்காமல் விற்றாலும் விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அங்கே விற்பனை வரிக்குப் பதிய வேண்டிவரும். கம்பெனிப் பதிவு தேவையில்லை என்பதால் வரிப் பதிவும் தேவையில்லை என்று ஆகிவிடாது, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டாலஸிலேயே வேலை இன்னும் ஒழுங்காகவில்லை, நியூ ஜெர்சியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கலிஃபோர்னியா விஷயத்தைத்தான் உடனே நிறுத்தச் சொல்வேன். கொழுந்தியாள் வீட்டில் உட்கார்ந்து உங்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறாள் என்றால், கலிஃபோர்னியாவின் பார்வையில் உங்கள் கம்பெனி அங்கே தொழில் செய்கிறது. அங்கே எல்.எல்.சி.க்கு லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தபட்சம் 800 டாலர் வரி, அதோடு பதிவு, சம்பளப் பிடித்தம், வேலையின்மைக் காப்பு வரி எல்லாம் சேரும். மாதம் 400 டாலர் வேலைக்கு இது கட்டுப்படியாகாது. ஊழியர் என்று சொல்லாமல் கான்ட்ராக்டர் என்று பெயர் மாற்றி எழுதிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் அதற்கான சோதனை மிகக் கடுமை, அவளுக்கென்று தனித் தொழிலும் வேறு வாடிக்கையாளர்களும் இல்லாவிட்டால் அது நிற்காது. இதுவரை நடந்ததற்கு என்ன ஃபைல் செய்ய வேண்டும் என்று ஒரு கணக்காளரை வைத்துச் சரிசெய்துவிட்டு, வேலையை ஃப்ரிஸ்கோவிலேயே யாரிடமாவது கொடுங்கள். சொந்தத்துக்குள் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனால் அவளுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. படிவத்தில் நிர்வாகியாக யார் பெயர் போகப் போகிறது, அவர் எந்த விசாவில் இருக்கிறார்? க்ரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் பிரச்சினை இல்லை. எச்-1பி வேலை விசாவிலோ, வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவர் விசாவிலோ இருந்தால், கம்பெனியில் பங்கு வைத்திருப்பது வேறு, அதில் தினமும் வேலை செய்வது வேறு. மாநிலப் பதிவு யாருக்கும் வேலை செய்யும் அனுமதி தராது. இதைத் தாக்கல் செய்வதற்கு முன்பே ஓர் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

பதிவு முடிந்த சில வாரங்களில் உங்கள் வீட்டுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். அரசு முத்திரை போலவே ஒன்று மேலே இருக்கும், சான்றிதழ் வாங்க இவ்வளவு, தொழிலாளர் சட்டப் போஸ்டருக்கு இவ்வளவு, கெடு தேதி இது என்று மிரட்டலாக இருக்கும். பொதுப் பதிவிலிருந்து முகவரி எடுத்து அனுப்பும் தனியார் கம்பெனிகள் அவை. உண்மையான உரிமையாளர் விவரத்தைக் கருவூலத் துறைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சிலர் பணம் கேட்பார்கள். அமெரிக்காவில் உருவான கம்பெனிகளுக்கு அந்தக் கடமையிலிருந்து 2025 மார்ச்சில் விலக்கு கொடுத்துவிட்டார்கள், உங்களுடையது டெலவேரில் உருவானது என்பதால் விலக்கில் வருகிறது. இந்தியாவில் பதிந்த ஒரு கம்பெனியை நேராக இங்கே கொண்டுவந்து பதிபவர்களுக்குத்தான் அது இன்னும் பொருந்தும். எந்தக் கடிதம் வந்தாலும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தளத்திலோ கம்ப்ட்ரோலர் தளத்திலோ உங்கள் கணக்கில் நுழைந்து அங்கே அப்படி ஒரு பாக்கி காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டாவிட்டால் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.